பிஞ்சுக் கைகளும் கத்தரிக்கோலும்

(விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அது கடல் போன்ற பொருள். அதில் ஒரு கையளவு நீரை மட்டும் முகந்து தர விரும்புகிறேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையின் கையில் கத்தரிக்கோலை எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எதை வெட்டக் கொடுப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட செய்தி.

தமிழாசிரியருக்கும் கத்தரிக்கோலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நம் எழுத்துகளைப் பாருங்கள். அகரமும் இகரமும் ஞகரமும் ழகரமும் வளைந்தும் சுழிந்தும் செல்பவை. அவற்றை எழுதும் விரல்கள், எழுதுகோலைப் பிடிப்பதற்கு முன்பே வேறு பல செயல்களைச் செய்து பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கமே இல்லாத கையில் எழுதுகோலைத் திணித்துவிட்டு, எழுத்து அழகாக இல்லையே என்று நாம் வருந்துகிறோம், குழந்தையையும் வருத்துகிறோம்.

கை கற்கும் பாடம்

கத்தரிக்கோலால் ஒரு தாளை வெட்டும்போது குழந்தையின் உடலில் என்ன நிகழ்கிறது? கட்டைவிரலும் நடுவிரலும் விரிந்து சுருங்குகின்றன. சுட்டுவிரல் கருவியைத் தாங்குகிறது. மோதிரவிரலும் சிறுவிரலும் மடங்கி நின்று கைக்கு உறுதி தருகின்றன. எழுதுகோலைப் பிடிக்கும்போதும் ஏறத்தாழ இதே பங்கீடுதான். கட்டைவிரல் பக்கத்து விரல்கள் தொழில் செய்ய, சிறுவிரல் பக்கத்து விரல்கள் தாங்கி நிற்கின்றன.

இன்னொன்றும் உண்டு. வெட்டும் கை ஒரு வேலையைச் செய்ய, மற்றொரு கை தாளைப் பிடித்துத் திருப்பும் வேறொரு வேலையைச் செய்கிறது. கண் கோட்டைத் தொடர்கிறது. இரு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பணியை ஒற்றுமையாகச் செய்வது சிறு குழந்தைக்கு எளிதன்று. சட்டைப் பொத்தான் போடுவதற்கும், காலணிக் கயிற்றைக் கட்டுவதற்கும், புட்டியின் மூடியைத் திருகுவதற்கும் வேண்டிய திறன் இதுவே.

இதை உணர்ந்த கல்வியாளர்கள் பலர். செருமனி நாட்டில் 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கிக் ‘கிண்டர்கார்ட்டன்’ முறைக்கு வித்திட்ட புரோபெல், தாள் மடித்தலையும் தாள் வெட்டுதலையும் தம் கல்வி முறையின் கைப்பணிகளுள் சேர்த்தார். 1907இல் உரோமை நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் வழிவந்த பள்ளிகளில் ஊற்றுதல், மடித்தல், வெட்டுதல் போன்ற அன்றாடப் பணிகளைக் குழந்தை செய்து பழகிய பின்னரே எழுத்து வருகிறது.

நம் வீடுகளிலும் இத்தகைய பயிற்சிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மொச்சை உரித்தல், பூத் தொடுத்தல், தென்னையோலையில் காற்றாடி செய்தல், புள்ளி வைத்துக் கோலமிடுதல் என்று குழந்தையின் விரல்களுக்கு ஓயாத வேலை இருந்தது. அவற்றைப் பயிற்சி என்று யாரும் அழைக்கவில்லை. இன்று அவ்வேலைகள் குறைந்துவிட்டன. விரல் நுனியால் கண்ணாடித் திரையைத் தடவுவதற்கு வலிமையும் வேண்டா, இரு கை ஒத்துழைப்பும் வேண்டா. ஆகவே, முன்பு தானாக நடந்ததை இன்று நாம் திட்டமிட்டுத் தரவேண்டியுள்ளது.

‘சோம்பேறி’ என்னும் சொல்

நான் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பித்த ஓராண்டில், சிறுவன் ஒருவன் இருந்தான். கதையை ஒருமுறை கேட்டால் நிகழ்ச்சி பிசகாமல் திரும்பச் சொல்வான். எழுதச் சொன்னால் மட்டும் பத்து எழுத்துகளுக்குள் கையை உதறத் தொடங்குவான். வீட்டில் அவனுக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்துத் திருந்த வேண்டும் என்று நாள்தோறும் நான்கு பக்கம் எழுத வைத்தார்கள்.

அவன் எழுதுகோலைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தான். அவன் தாயாரிடம் வினவியபோது, உணவு ஊட்டுவதும், பொத்தான் போடுவதும், பென்சில் சீவுவதும் எல்லாம் பெரியவர்களே என்று தெரிந்தது. அன்பினால் செய்தவைதாம், ஆனால் அக்கைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. நான்கு பக்கத்தை ஒரு பக்கமாகக் குறையுங்கள், மீதி நேரத்தில் சப்பாத்தி மாவும் பழைய அழைப்பிதழ்களும் ஒரு சிறு கத்தரிக்கோலும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர்களும் பொறுமையாகச் செய்தார்கள். ஆண்டு முடிவில் கையை உதறாமல் ஒரு பக்கம் எழுதினான். கத்தரிக்கோல் ஒன்றுதான் இதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். சில மாதங்கள் வளர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் ‘சோம்பேறி’ என்னும் சொல் அவ்வீட்டை விட்டு நீங்கியது. அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஐந்து வயதில் ஒட்டிக்கொண்ட சொல், ஐம்பது வயதிலும் உதிராமல் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

கத்தரிக்கு முன்

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் விரல்களை ஆயத்தம் செய்ய வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

முதலாவது, தாள் கிழித்தல். பழைய செய்தித்தாளைக் கொடுத்து, நீண்ட பட்டைகளாகக் கிழிக்கச் சொல்லுங்கள். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும் மறுதிசையில் கோணலாகவும் கிழியும். இதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டா.

இரண்டாவது, மாவு பிசைதல், உருட்டுதல், கிள்ளுதல். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் எலுமிச்சையளவு மாவைப் பிள்ளைக்கும் கொடுங்கள்.

மூன்றாவது, துணி உலர்த்தும் கவ்விகளை ஒரு கயிற்றில் மாட்டிக் கழற்றுதல். அடுப்படி இடுக்கியில் சிறியது ஒன்றை எடுத்து, பஞ்சு உருண்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்கு மாற்றுதல். திறந்து மூடும் அசைவு இவற்றால் கைவரும்.

பரதம் பயிலும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் ‘கர்த்தரீமுகம்’ என்னும் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். கர்த்தரி என்றால் கத்தரி. சுட்டுவிரலையும் நடுவிரலையும் கத்தரி அலகுகள் போல விரித்துக் காட்டும் முத்திரை அது. அக்கை காற்றை வெட்டிக்கொண்டே செல்வதைப் பார்த்துச் சிறு குழந்தையும் செய்து மகிழும்.

எத்தகைய கத்தரிக்கோல்?

குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்கும் சிறு கத்தரிக்கோலாக இருக்க வேண்டும். முனை மழுங்கியிருக்க வேண்டும். அலகு மழுங்கியிருக்கக் கூடாது. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். பாதுகாப்பு என்று கருதி, எதையும் வெட்டாத நெகிழிக் கத்தரியை வாங்கித் தருகின்றனர். அது மாவை வெட்டும். தாளை மடக்கி மெல்லும். ‘எனக்கு வரவில்லை’ என்று குழந்தை சோர்ந்து போகும். குறை கருவியில் இருக்க, பழி கையின்மேல் விழுகிறது. தாளைத் தூய்மையாக வெட்டும் உலோக அலகும் வட்டமான முனையும் உடையதே தக்கது.

பிடிக்கும் முறையை மூன்றே சொற்றொடர்களில் சொல்லிவிடலாம்: கட்டைவிரல் மேலே, முழங்கை உடலோடு, தாள் மறுகையில். கட்டைவிரல் மேல் வளையத்திலும் நடுவிரல் கீழ் வளையத்திலும் இருக்க, சுட்டுவிரல் வளையத்துக்கு வெளியே கீழிருந்து தாங்கட்டும். கீழ் வளையம் பெரிதாயின் மோதிரவிரலும் உடன் இருக்கலாம். சிறு குழந்தைகள் கையைக் கவிழ்த்துக் கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறு பொட்டு வைத்து, ‘பொட்டு உன்னைப் பார்க்கட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். கை தானே நிமிரும். தாள் பிடிக்கும் கையின் கட்டைவிரலும் அவ்வாறே மேலிருக்கட்டும்.

எதை வெட்டுவது? எந்த வரிசையில்?

இங்கேதான் நம் வீட்டுப் பொருள்கள் கைகொடுக்கின்றன. மெல்லிய தாள் குழந்தைக்கு எளிது என்று நினைக்கிறோம். உண்மை அதற்கு மாறானது. மெல்லிய தாள் துவண்டு அலகுகளுக்கிடையே மடங்கும். விறைப்பான அட்டையே தொடக்கத்துக்கு ஏற்றது. திருமண அழைப்பிதழ், குறிப்பேட்டின் மேலட்டை, மருந்துப் பெட்டி, பழைய நாட்காட்டியின் தடித்த தாள் ஆகியவை போதும். கடையில் எதுவும் வாங்க வேண்டா.

முதற்படி, மாவு. பிசைந்த மாவைப் பாம்பு போல உருட்டித் துண்டு துண்டாக வெட்டச் செய்யுங்கள். மாவு எதிர்க்காது, நழுவாது. இரண்டரை வயதை ஒட்டிய குழந்தைக்கு இதுவே பெருமகிழ்ச்சி.

இரண்டாம்படி, ஒரே வெட்டு. அழைப்பிதழ் அட்டையை ஒரு விரல் அகலப் பட்டைகளாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். குழந்தை ஒருமுறை மூடினாலே ஒரு துண்டு விழும். இதில் வெற்றி உடனே கிட்டுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் இல்லை. காகித உறிஞ்சுகுழலை வெட்டினால் துண்டு துள்ளி ஓடும். சிரிப்பும் உடன் ஓடும்.

மூன்றாம்படி, ஓரக்கொத்து. அட்டையின் ஓரத்தில் சிறுசிறு வெட்டுகள். புல்வெளி என்றோ, சிங்கத்தின் பிடரி என்றோ பெயர் வைத்துவிட்டால் ஆர்வம் வளரும்.

நான்காம்படி, நேர்கோடு. ஏறத்தாழ நான்கு வயதில் இது கைகூடும். சிறுவிரல் பருமனில் தடித்த கோடு வரைந்து, அக்கோட்டின் மேலேயே வெட்டச் சொல்லுங்கள். நாள் செல்லச் செல்லக் கோட்டை மெலிதாக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீளமாக வெட்டும்போது அலகுகளை முழுதும் மூடிவிடக் கூடாது. முக்கால் பங்கு மூடி, மீண்டும் திறந்து முன்னே செல்ல வேண்டும். முழுதும் மூடினால் வெட்டின் ஓரம் பிசிறடிக்கும்.

ஐந்தாம்படி, வளைவு. பெரிய அலைக்கோடு, பிறகு அரைவட்டம், பிறகு வட்டம். வலக்கைக் குழந்தை கடிகார முள்ளின் திசைக்கு எதிராகவும், இடக்கைக் குழந்தை அம்முள்ளின் திசையிலும் வட்டத்தைச் சுற்றி வெட்டுவது எளிது. திரும்ப வேண்டியது தாளே. கத்தரிக்கோல் எப்போதும் நேரே முன்னோக்கியே இருக்க வேண்டும். இதைக் குழந்தை உணரும் நாளே திருப்புமுனை. சதுரம், முக்கோணம் போன்ற மூலையுள்ள வடிவங்கள் ஐந்து, ஆறு வயதில் வரட்டும்.

தடித்த அட்டை வெட்டுப்படவில்லை என்றால், அலகின் நுனியால் வெட்டாமல் திருகாணிக்கு அருகே வைத்து வெட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோல் என்பது இரண்டு நெம்புகோல்களின் இணைப்பு. ஆதாரப் புள்ளியை நெருங்க நெருங்க வெட்டும் விசை மிகும். பின்னாளில் அறிவியலாகப் படிக்கப்போவதை, ஐந்து வயதுக் கை முன்பே அறிந்து வைத்திருக்கும்.

நான் சொன்ன வயதுகள் எல்லாம் தோராயமே. பக்கத்து வீட்டுப் பிள்ளை வட்டம் வெட்டுகிறதே என்று ஒப்பிட வேண்டா. ஆறு வயதைக் கடந்தும், பழகிய பின்னும் ஓரத்தில்கூட வெட்ட இயலாமல், பொத்தான், கரண்டி, எழுதுகோல் ஆகிய எல்லாவற்றிலும் கை தடுமாறினால் மட்டும் குழந்தை மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். கைத்திறனுக்கெனப் பயிற்சியளிக்கும் சிகிச்சையாளரிடம் அவர் அனுப்பி வைப்பார். அதில் நாணுவதற்கு எதுவும் இல்லை.

இடக்கைக் குழந்தைகள்

இதனை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை ‘அந்தக் கை வேண்டாம்’ என்று தட்டிவிடும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் முற்றிலும் நீங்கவில்லை. வழக்கமான கத்தரிக்கோல் வலக்கைக்காகவே செய்யப்பட்டது. வலக்கையால் அழுத்தும்போது அதன் அலகுகள் ஒன்றோடொன்று நெருங்கும். அதையே இடக்கையில் பிடித்து அழுத்தினால் அலகுகள் விலகும். தாள் இடையில் மடங்கும். மேல் அலகு கோட்டையும் மறைத்துவிடும். குழந்தை கோணலாக வெட்டும். ‘இடக்கையால் செய்தால் இப்படித்தான்’ என்று நாம் தீர்ப்பும் எழுதிவிடுவோம்.

இடக்கையாளர்க்கெனவே அலகுகள் மாற்றிப் பொருத்தப்பட்ட கத்தரிக்கோல்கள் உள்ளன. தேடி வாங்குங்கள். வாங்கும்போது கைப்பிடியின் வடிவை மட்டும் பாராமல் அலகையும் பாருங்கள். கையில் பிடித்தபடி நோக்கினால் மேல் அலகு இடப்புறம் இருக்க வேண்டும். எந்தக் கை என்பது சில குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயது வரைகூட உறுதிப்படாது. அதுவரை கத்தரிக்கோலை நடுவில் வையுங்கள். குழந்தை விரும்பிய கையால் எடுக்கட்டும்.

காவலும் கட்டுப்பாடும்

கத்தரிக்கோலைக் கண்டு அஞ்சி ஒளித்து வைப்பது பாதுகாப்பு அன்று. முறையாகப் பழகிய குழந்தையைவிட, மறைத்து வைத்ததை இரகசியமாக எடுக்கும் குழந்தைக்கே ஊறு மிகுதி. ஆகவே சில நெறிகளை முதல் நாளே வகுத்துவிடுங்கள்.

உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். எடுத்துச் செல்லும்போது மூடிய அலகை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடக்க வேண்டும், ஓடக் கூடாது. பிறரிடம் கொடுக்கும்போது கைப்பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் பெரியவர் கையில் ஒப்படைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தே தீர வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடாயின், சிதறிய துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

எதை வெட்டலாம், எதை வெட்டலாகாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். தலைமுடி, உடுத்திய துணி, பாட நூல் ஆகியவை கூடா. செடியின் இலையும் கூடாது. உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்கி வந்து வெட்டலாம். உயிருள்ள எதன்மீதும் கத்தரி செல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கூரிய கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதனைத் தீங்கின்றிப் பயன்படுத்தப் பழக்குவதைவிடச் சிறந்த அறப்பாடம் ஏது?

பெரியவர்கள் செய்ய வேண்டுவது

பெரியவர்கள் செய்ய வேண்டுவது மிகக் குறைவு. அக்குறைவாகச் செய்வதுதான் கடினம். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் ஒருமுறை மெதுவாக, பேசாமல் செய்து காட்டுங்கள். பிறகு அருகில் அமர்ந்திருங்கள். குழந்தையின் கையைப் பிடித்து நீங்களே வெட்டாதீர்கள். தாள் துவண்டால் அதன் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கோணலாக வெட்டியதை நீங்கள் எடுத்துத் திருத்தினால், ‘நான் செய்தது போதாது’ என்னும் செய்தியே குழந்தைக்குக் கிடைக்கிறது. ‘அழகாக இருக்கிறது’ என்று வெறுமனே புகழ்வதைவிட, ‘கோட்டின் பாதி வரை வந்துவிட்டாயே’ என்று கண்டதைச் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு சொல். பெற்றோர் பணிக்குச் செல்லும் காலம் இது. பத்து நிமிடம் அவசரமின்றி அருகில் அமரும் பேறு நமக்கே வாய்த்திருக்கிறது. பழைய அழைப்பிதழ்களை எறியாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். அப்பெட்டியே பேரப்பிள்ளைகளின் பட்டறை.

வெட்டிய துண்டுகளும் வீணாக வேண்டா. நூலில் ஒட்டினால் தோரணம் ஆகும். தாளில் ஒட்டினால் படம் ஆகும். மதுரா நகரில் ‘சாஞ்சி’ என்று ஒரு கலை உண்டு. தாளைக் கத்தரித்தே நுண்ணிய சித்திரங்களை உருவாக்குவர். அக்கலைஞர்களும் ஒரு காலத்தில் தாளின் ஓரத்தைக் கோணலாக வெட்டிய குழந்தைகளாகவே இருந்திருப்பார்கள்.

அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவுக்குக் கடையில் வாங்கும் தோரணத்தோடு, நம் குழந்தைகள் வெட்டிச் செய்த தோரணமும் ஒரு வரிசை இம்மண்டபத்தில் தொங்கட்டும். ஓரங்கள் நேராக இரா. சில முக்கோணங்களுக்கு நான்கு மூலைகள் இருக்கும். யாரும் அவற்றைத் திருத்தி ஒட்ட வேண்டா. தம் கையால் செய்தது பொதுமன்றில் தொங்குவதைக் காணும் குழந்தை, அடுத்த வேலைக்குத் தன் கையைத் தானே நீட்டும்.